வில் பிடிக்கும் பிள்ளை: காத்திருப்பதா, வீடியோப் பயிற்சியா, கிளினிக்கா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம். கொக்குவிலில் தங்கச்சி வீட்டு விறாந்தையில் என் பெறாமகன் கையையும் முழங்காலையும் நிலத்தில் ஊன்றி நின்றான். எதிரே கதிரையில் சாத்தி வைத்த போனில் ஒரு பெண் லண்டனில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார். "பிள்ளையின்ர தலையை மெதுவா வலப்பக்கம் திருப்புங்கோ அம்மா." தங்கச்சி திருப்பினாள். பிள்ளையின் இடது முழங்கை ஒரு விரற்கடை மடங்கியது. "பாத்தீங்களே, கை மடங்குது. பிறந்த நேரத்து ரிஃப்ளெக்ஸ் இன்னும் போகேல்லை. எழுத்து வராததுக்கு அதுதான் காரணம்."

அவனுக்கு ஏழு வயது. தரம் இரண்டு. கரும்பலகையைப் பார்த்து ஐந்து வரி எழுதுவதற்குள் மற்றப் பிள்ளைகள் கொப்பியை மூடிவிடுகிறார்கள். எழுத்து கோட்டை விட்டு இறங்கிவிடும். ண, ன இரண்டுக்கும் சுழி எத்தனை என்று ஒவ்வொரு தடவையும் நின்று யோசிப்பான். கதை சொல்லச் சொன்னால் கண் விரிய அரைமணி நேரம் சொல்லுவான். அதையே எழுதச் சொன்னால் பென்சிலைக் கடிப்பான். தங்கச்சியின் மச்சாள் லண்டனில் இருக்கிறா. அவதான் போனில் வந்த அந்தப் பெண்ணின் வீடியோப் பயிற்சியைத் தேடிப் பிடித்து முதல் தவணையையும் கட்டிவிட்டா. ஒரு வருடத் திட்டம். இரண்டாம் தவணைக்கு முன்னம் தங்கச்சி என்னைக் கேட்டாள்: "அக்கா, இதைச் செய்யிறதோ, ஆஸ்பத்திரிக்குப் போறதோ, இல்லாட்டி வளர வரும் எண்டு விடுறதோ?"

என்னைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. என் மூத்தவனுக்குப் பன்னிரண்டு வயது. மூளை வாதம் (செரிபிரல் பால்சி), மூளைப் பாதிப்பால் கைகால் அசைவு கட்டுக்குள் வராத நிலை. அந்தப் பெண் போனில் சொன்ன அதே ரிஃப்ளெக்ஸ் என் வீட்டில் பன்னிரண்டு வருடமாகக் குடியிருக்கிறது. அதனால்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். ஒரே பெயர் கைக்குழந்தையில் ஒன்றைச் சொல்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளையில் வேறொன்றைச் சொல்கிறது. அதைப் பிரித்துப் பார்க்காமல் எடுக்கிற முடிவு இரண்டு பக்கமும் பிழைத்துப் போகும்.

என் மகனில் இருந்தே தொடங்குகிறேன். பிறந்தவுடன் அவன் அழவில்லை. குறைமாதப் பிள்ளைகள் வைக்கும் பகுதியில் சில நாள் வைத்திருந்து தந்தார்கள். ஐந்தாம் மாதத்தில் பாயில் கிடத்தினால் முகம் வலப்பக்கம் திரும்பும். திரும்பினதும் வலது கை விறைத்து நேரே நீளும், இடது கை மடங்கிக் காதுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். வில்லை நீட்டி நாணை இழுக்கிற மாதிரியே இருக்கும். அம்மம்மா "என்ர அர்ச்சுனன்" என்று கொஞ்சுவா. நாங்கள் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினோம். அந்தப் படங்கள் இன்னும் போனில் இருக்கின்றன.

ஒன்பதாம் மாதம் பல்லுக்கொழுக்கட்டை. தலையில் துணி பிடித்துக் கொழுக்கட்டை கொட்டினோம். பிறகு பாயில் புத்தகம், பேனை, காப்பு, கத்தரிக்கோல் எல்லாம் பரப்பி, மடியில் தாங்கி இருத்தினோம். வலப்பக்கம் இருந்த பேனையைப் பார்த்தான், ஆசையாய்த்தான் பார்த்தான். பார்க்கத் தலை திரும்பியது, திரும்பக் கை விறைத்தது, விறைத்த கையின் விரல்கள் பொத்தியபடியே நின்றன. பேனை கைக்கு நாலு விரற்கடை தூரத்தில். பெரியம்மா அதை எடுத்து அவன் பொத்திய கைக்குள் செருகிவிட்டு "பாருங்கோ, பேனை எடுத்திட்டான்" என்றா. எல்லாரும் கை தட்டினோம்.

அதற்கு முன்பே ஒரு தனியார் இடத்தில் காட்டியிருந்தோம். "ஆம்பிளைப் பிள்ளையள் பிந்தித்தான், ஒரு வயது மட்டும் பாப்பம்" என்று சொல்லி அனுப்பினார்கள். பதினோராம் மாதத்தில் வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர்தான் பிள்ளையைத் தூக்கி, கையை விரித்துப் பார்த்து, முகம் மாறி, "நாளைக்கே கொண்டு போங்கோ" என்றவ. அந்த ஆறு மாதத்தை நான் திருப்பி வாங்க முடியாது.

இனி அந்த வில் நிலை என்ன என்று பார்ப்போம். போன் பெண் சொன்ன ரிஃப்ளெக்ஸைத்தான் நாங்கள் விஞ்ஞானப் பாடத்தில் தெறிவினை என்று படித்தோம்; சூடான சட்டியில் பட்ட கை யோசிக்க முன்னம் விலகுவது, அந்தக் குடும்பம்தான். தமிழ்நாட்டில் அனிச்சைச் செயல் என்பார்கள். பிள்ளை பிறக்கும்போதே சில தெறிவினைகளோடு வருகிறது. கன்னத்தில் விரல் பட்டால் வாயை அந்தப் பக்கம் திருப்பி முலை தேடும். உள்ளங்கையில் எதைக் கொடுத்தாலும் இறுக்கிப் பிடிக்கும். அம்மம்மாவின் சேலைத் தலைப்பை விடாது. ஏணையில் இறக்கும்போது தலை சற்றுப் பின்னே விழுந்தால் இரண்டு கையையும் விரித்துப் பிறகு கட்டிப்பிடிக்கிற மாதிரி மடக்கி அழும். எர்ன்ஸ்ட் மோரோ என்ற குழந்தை வைத்தியர் 1918இல் இதை விவரித்து எழுதியதால் மோரோ என்று பெயர். வில் பிடிக்கும் நிலைக்கு வைத்தியர்கள் ஏ.ரி.என்.ஆர். என்பார்கள், கழுத்துத் திரும்புவதால் கைகால் மாறுகிற தெறிவினை. இதை மேல்நாட்டார் வாள்சண்டைக்காரன் நிலை என்கிறார்கள். எங்கள் கண்ணுக்கு அது வில்தான்.

இவற்றை நடத்துவது மூளைத்தண்டும் முள்ளந்தண்டு வடமும். மேல் மூளை முதிர முதிர அது பொறுப்பை எடுத்துக்கொள்கிறது; தெறிவினை அடங்குகிறது. கையில் பற்றும் தெறிவினை நாலு, ஐந்து மாதத்தில் அடங்கினால்தான் பிள்ளை ஒரு பொருளைத் தானாக விடவும் பிடிக்கவும் பழகும். மோரோவும் வில் நிலையும் ஆறு மாதமளவில் அடங்கும். நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் இதைத் தெறிவினை என்று சொல்லவில்லை, ஆனால் பார்த்திருக்கிறார்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி: இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து கொட்டுவது. தலை திரும்பும்போதெல்லாம் ஒரு கை விறைக்கிற பிள்ளைக்குச் சப்பாணி கொட்ட முடியாது. என் மகன் கொட்டவில்லை.

ஆக, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இதில் ஒப்பிட ஒன்றுமே இல்லை. ஆறு மாதம் தாண்டியும் வில் நிலை விடாப்பிடியாக இருந்தால், அல்லது எந்த வயதிலும் பிள்ளை அந்த நிலையில் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் கிடந்தால், காத்திருப்பது தெரிவு அல்ல, வீடியோவும் தெரிவு அல்ல. நாலு மாதத்தில் தலை நிற்காதது, மூன்று நாலு மாதம் தாண்டியும் கை பொத்தியபடியே இருப்பது, ஒன்பது மாதத்தில் இருக்க முடியாதது, ஒரு வயதுக்கு முன்னமே ஒரு கையை மட்டும் பாவிப்பது, திடுக்கிடும்போது ஒரு கை மட்டும் விரிவது, எல்லாம் அதே வரிசைதான். "இடக்கைக்காரன் போல" என்று சிரித்து விடாதீர்கள். ஒரு வயதுக்குள் ஒரு கைப்பக்கம் சாய்கிற பழக்கம் வரக்கூடாது. குறைமாதத்தில் பிறந்திருந்தால் மாதத்தைப் பிரசவத் திகதி குறித்த நாளில் இருந்து எண்ணுங்கள். பிறந்தவுடன் அழாதவர்கள், கடும் மஞ்சள் காமாலை வந்தவர்கள், குறைமாதத்தவர்கள் விடயத்தில் இன்னும் விழிப்பாக இருங்கள். மூளை வாதத்தை ஆறு மாதத்துக்கு முன்பே கூடக் கண்டுபிடிக்கலாம் என்று 2017இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டல் சொல்கிறது. கிளினிக்கில் தருகிற பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் நிறை வளைகோட்டை மட்டும் பார்க்கிறோம். வளர்ச்சிப் படிகள் உள்ள பக்கத்தையும் புரட்டுங்கள். குடும்பநல உத்தியோகத்தர், பிறகு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனை, அங்கிருந்து யாழ். போதனா வைத்தியசாலை. எங்கேயும் காசு இல்லை.

இதில் எனக்குச் சமரசம் இல்லை.

சரி, மகனுக்கு என்ன சிகிச்சை நடந்தது? தங்கச்சிக்கு இதைத்தான் முதலில் விளக்கினேன், ஏனென்றால் லண்டன் பயிற்சியின் அடிப்படைக் கருத்தோடு இது நேரே மோதுகிறது. நான் நினைத்தேன், இயன்மருத்துவர் அந்தத் தெறிவினையைப் பிடித்து அழுத்தி இல்லாமல் ஆக்குவார் என்று. ஒரு காலத்தில் அப்படித்தான் முயன்றார்கள். பேர்லினில் இருந்து லண்டனுக்குப் போன பெர்ட்டா பொபாத், காரல் பொபாத் தம்பதியர் 1940களின் பிற்பகுதியில் இருந்து மூளை வாதப் பிள்ளைகளைத் தெறிவினையை அடக்கும் நிலைகளில் பிடித்து வைத்துப் பார்த்தார்கள். பிறகு அவர்களே அந்த முறையை மாற்றிக்கொண்டார்கள். பிடித்த நிலையில் அடங்கியது, விட்டால் எழுந்தது. அமெரிக்காவில் இன்னொரு முறை இருந்தது. நாலைந்து பெரியவர்கள் சேர்ந்து பிள்ளையின் தலை, கை, காலைப் பிடித்து ஊர்கிற மாதிரி அசைப்பார்கள், நாளுக்குப் பல தடவை, வாரம் ஏழு நாளும். மூளை படி ஏறி வரும் என்றார்கள். அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 1968இல், 1982இல், மறுபடி 1999இல் இதை ஏற்க முடியாது என்று அறிக்கை விட்டது. எனக்கும் ஒருவர் அதைச் சொல்லித்தான் தந்தார். மூன்று கிழமை அம்மம்மா, நான், அயல்வீட்டு அன்ரி என்று பிடித்து அசைத்தோம். பிள்ளை அழுததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

போதனா வைத்தியசாலையில் எங்களுக்குக் கிடைத்தது வேறு. முதல் நாள் அந்த இயன்மருத்துவர் கேட்ட கேள்வி, "வீட்டில என்ன செய்ய ஏலாமல் இருக்கு?" நான் சொன்னேன், சாப்பாடு. கரண்டியைப் பார்க்கத் தலை திரும்பினால் கை நீண்டு விறைத்துக் கரண்டியைத் தட்டிவிடும். அவர் பிள்ளையை மூலையில் இருத்தினார். இரண்டு பக்கமும் துவாய் சுருட்டி வைத்து, தலை நடுவில் நிற்கச் செய்தார். கோப்பையை நேர் முன்னே வைத்தார். "பக்கத்தில இருந்து தீத்தாதேங்கோ. முன்னால இருங்கோ. ஆரும் பக்கத்தில இருந்து கூப்பிடக் கூடாது." அவ்வளவுதான். தலை நடுவில் நின்றது, கை மடங்கியது, இரண்டாம் கிழமை அவன் கரண்டியைத் தன் வாய்க்குக் கொண்டுபோனான். தெறிவினை எங்கேயும் போகவில்லை. அதற்குத் தூண்டல் கொடுக்காமல் வேலையைச் செய்யப் பழகினோம். பாடசாலையிலும் கரும்பலகைக்கு நேர் நடுவில்தான் அவன் இடம். 2013இல் அயோனா நோவக் என்ற அவுஸ்திரேலிய ஆய்வாளரும் குழுவும் மூளை வாதச் சிகிச்சைகளை வீதிச் சமிக்ஞை விளக்கு நிறத்தில் தரம் பிரித்தார்கள். ஒரு குறிக்கோளை வைத்து அதையே பழக்குவதும், வீட்டுப் பயிற்சித் திட்டமும், இடுப்பு மூட்டைக் காலத்துக்குக் காலம் கண்காணிப்பதும் பச்சை. இவ்வளவு கடுமையான தெறிவினை உள்ள பிள்ளைக்கே வழி அதுதான் என்றால், ஒரு விரற்கடை மடங்கிய முழங்கைக்கு?

இனி லண்டன் பயிற்சி. நியாயமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மச்சாள் ஏமாந்தவ அல்ல, பிள்ளைமேல் அக்கறையில் செய்தவ. இந்த வகைப் பயிற்சிகளின் கருத்து இது: பிறவித் தெறிவினை முழுதாக அடங்காமல் மிச்சம் நிற்கிறது, அது எழுத்தையும் வாசிப்பையும் கவனத்தையும் இடறுகிறது, கைக்குழந்தை செய்யும் அசைவுகளை மெதுவாகத் திருப்பிச் செய்தால் மிச்சம் அடங்கும், படிப்பு வரும். இங்கிலாந்தில் 1975இல் பீற்றர் பிளைத் தொடங்கிய நிறுவனம் இதில் பழையது. நாளுக்குச் சில நிமிடம், ஒரு வருடமளவுக்கு.

ஆதாரம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெல்பாஸ்ற்றில் 60 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2000ஆம் ஆண்டு லான்செற் மருத்துவ இதழில் வந்தது. எல்லாரும் வாசிப்பில் பின்தங்கியவர்கள், எல்லாருக்கும் வில் தெறிவினையின் மிச்சம் இருந்தது. ஒரு பகுதியினருக்குத் தெறிவினை அசைவுகள், ஒரு பகுதியினருக்கு அதைப் போலவே தோன்றும் வேறு அசைவுகள், ஒரு பகுதியினருக்கு எதுவும் இல்லை. உண்மை அசைவு செய்தவர்கள் வாசிப்பில் கூடுதலாக முன்னேறினார்கள். நல்ல ஒழுங்கில் செய்த ஆய்வு. ஆனால் குழுவுக்கு இருபது பிள்ளைகள். அந்த இருபது பிள்ளைகளின் மேல் ஒரு வருடத்தையும், ஒரு குடும்பத்தின் காசையும், "இதுதான் காரணம்" என்ற தீர்ப்பையும் ஏற்றி வைக்க முடியாது.

எனக்குப் பெரிய தடை அந்தத் தீர்ப்புத்தான். போலந்தில் ஆரோக்கியமான முன்பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்த ஒரு சிறிய ஆய்வில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் இந்த மிச்சங்கள் இருந்தன. அதாவது, எங்கள் ஊர் முன்பள்ளியில் வரிசையாக நிறுத்தித் தலையைத் திருப்பினாலும் கன முழங்கை மடங்கும். அதில் அழகாக எழுதுகிற பிள்ளைகளும் இருப்பார்கள். எழுத்துச் சிரமமும் மடங்குகிற முழங்கையும் ஒரே பிள்ளையில் இருப்பதால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது.

அசைவு மறைவதற்கே மூளை மட்டும் காரணம் என்பதும் அவ்வளவு எளிதல்ல. பிறந்த பிள்ளையைத் தூக்கிப் பிடித்துப் பாதத்தைத் தரையில் தொட வைத்தால் அடியெடுத்து வைக்கும். இரண்டு மாதமளவில் அது மறைந்துவிடும். மேல் மூளை வந்து அடக்கிவிட்டது என்றுதான் புத்தகங்கள் சொல்லின. எஸ்தர் தெலன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984இல் ஒரு மாதமளவான பிள்ளைகளை மார்பளவு வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்திப் பார்த்தார். கால்கள் கூடுதலாக அடியெடுத்தன. கால் கொழுத்துப் பாரமாகுவதுதான் விடயம் என்றார். தண்ணீரில் பாரம் குறைந்ததும் அசைவு கூடிவிட்டது. பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் அம்மம்மாக்கள் இந்தத் துள்ளலை எப்போதும் பார்த்திருப்பார்கள். "தெறிவினை நிற்கிறது, அடக்கினால் சரி" என்ற ஒரு வரி விளக்கத்தை நான் நம்பத் தயங்குவது இதனால்தான்.

கெடுதி உண்டா? மெதுவாக உருள்வதிலும் ஊர்வதிலும் கெடுதி இல்லை. கெடுதி நேரத்தில் இருக்கிறது. ஒரு வருடம் பாயில் உருண்டுவிட்டுப் பிள்ளை எழுதப் பழகவில்லை என்றால் அவன் தரம் மூன்றில் இருப்பான். அப்புறம் இன்னொன்று: ஒரு வருடத்தில் எந்தப் பிள்ளையும் கொஞ்சம் வளரும், வளர்ந்ததெல்லாம் பயிற்சியின் கணக்கில் போய்ச் சேரும். பந்து, ஊஞ்சல், தூரிகை வைத்துச் செய்யும் புலன் ஒருங்கிணைப்புப் பயிற்சியையும் சிலர் தங்கச்சிக்குச் சொன்னார்கள். சத்தத்துக்கும் தொடுகைக்கும் துடித்துப் போகிற பிள்ளைக்கு அதைக் கேட்டுப் பார்க்கலாம். இவனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆஸ்பத்திரி வழியின் குறை எல்லாருக்கும் தெரியும். திகதி எடுக்க வேண்டும், விடிய எழும்ப வேண்டும், வாங்கில் காத்திருக்க வேண்டும், தகப்பன் அரை நாள் லீவு போட வேண்டும், உள்ளே போனால் கதைக்கக் கிடைப்பது கொஞ்ச நேரம். எழுத்து, சாப்பாடு போன்ற அன்றாட வேலைகளைப் பழக்குகிற தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் இங்கே போதாது. ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் இடையில் கிழமைகள் ஓடிவிடும். வீட்டுக்குள் வந்து ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்கிற போன் பெண்ணோடு ஒப்பிட்டால் ஆஸ்பத்திரி தோற்றுவிடும் போலத்தான் இருக்கும். தங்கச்சி அதைத்தான் சொன்னாள்: "அவ நான் சொன்னதெல்லாம் கேட்டவ அக்கா." அது சின்ன விடயம் அல்ல. கேட்க ஆள் இல்லாத தாய், கேட்கிறவரிடம்தான் போவாள்.

ஆனால் போனில் செய்ய முடியாதது சில இருக்கிறது. கண் சரியா, காது சரியா என்று முதலில் பார்க்க வேண்டும். கரும்பலகையைப் பார்த்து எழுதப் பிந்துகிற பிள்ளைக்கு இதைப் பார்க்காமல் மூளையைப் பற்றிக் கதைக்கக் கூடாது. பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் ஒன்றில் ஒரு தடவை, பிறகு தரம் நாலில்தான். இடையில் கண் மாறினால் ஆருக்கும் தெரியாது. இரத்தச்சோகை, நித்திரை, வலிப்பு, இவற்றையும் குழந்தை வைத்தியர் கேட்பார். நரம்புப் பரிசோதனையில் உண்மையாகவே கை கால் விறைப்பு இருக்கிறதா என்று கையால் பிடித்துப் பார்ப்பார். மடங்கின முழங்கை ஒரு மிச்சமா, லேசான மூளை வாதத்தின் அறிகுறியா என்று அவருக்குத்தான் பிரிக்கத் தெரியும். தங்கச்சி அதற்கு மறுக்கவில்லை. போனோம். கண் சரி, காது சரி, விறைப்பு இல்லை. தொழில்வழிச் சிகிச்சையாளர் அவனை எழுத விட்டுப் பக்கத்தில் இருந்து பார்த்தார். தலையைத் திருப்பவே இல்லை. மேசைக்குக் கீழே குனிந்தார். "கால் தொங்குது" என்றார்.

பெரிய ஆட்களின் சாப்பாட்டு மேசை, பெரிய ஆட்களின் கதிரை. பாதம் தரையில் படவில்லை. உடம்பு நிலைக்க இடது கையால் கதிரையைப் பிடித்திருந்தான்; கொப்பியைப் பிடிக்கக் கை இல்லை; கொப்பி நழுவ நழுவ எழுத்துக் கோட்டை விட்டு இறங்கியது. பென்சிலை நாலு விரலாலும் இறுக்கிப் பிடித்து, கொப்பியின் மறுபக்கத்தில் தடம் விழுகிற அளவுக்கு அழுத்தி எழுதுகிறான், அதனால் சீக்கிரம் களைத்துப்போகிறான். ஒரு வருட வீடியோத் திட்டத்தின் கண்ணில் இது படவில்லை. அவன் எழுதுவதை அதில் ஆரும் பார்க்கவே இல்லை.

மூன்றாவது வழி, எழுத்தையே நேராகப் பழக்குவது. கேட்க மிகச் சாதாரணமாக இருக்கும், அதனால்தான் இதற்கு விளம்பரம் இல்லை. கையெழுத்துச் சிரமத்துக்கான சிகிச்சைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த 2011ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு ஒன்று தெளிவாகச் சொன்னது: எழுதிப் பழகுவது உள்ளே இல்லாத சிகிச்சைகள் பலன் தரவில்லை, இருபது தடவைக்குக் குறைவாகப் பழகியதும் பலன் தரவில்லை. உடல் ஒத்திசைவுக் குறைபாடு உள்ள, அதாவது கைகால் அசைவுகளை ஒழுங்காகச் சேர்த்துச் செய்யச் சிரமப்படுகிற பிள்ளைகளுக்கான 2019ஆம் ஆண்டின் சர்வதேசப் பரிந்துரையும் அதே பக்கம்தான்: உடலின் அடிப்படைத் திறனைத் திருத்தப் பார்ப்பதைவிட, பிள்ளைக்குத் தேவையான செயலையே பழக்குங்கள் என்கிறது. சைக்கிள் ஓட வேண்டுமா, சைக்கிளில் ஏற்றுங்கள். என் மகன் சாப்பிடப் பழகியது சாப்பாட்டில்தான்.

காத்திருப்பது பற்றி அதிகம் சொல்ல இல்லை. நடை, பேச்சு போல எழுத்துத் தானாக வருகிற ஒன்றல்ல, ஆரோ பழக்கினால்தான் வரும். 247 எழுத்தும் வளர்ந்தால் வந்துவிடும் என்று விட முடியாது. அதற்காக ரியூசனில் கொண்டுபோய்த் தள்ளுவதும் வேண்டாம்; ஐம்பது பிள்ளைகளுக்கு நடுவில் இன்னும் வேகமாக எழுதச் சொல்வார்கள், அவ்வளவுதான். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலை இப்போதே நினைத்துப் பயப்படுகிற வீடுகளில் இந்தத் தவறு கூடுதலாக நடக்கிறது.

தங்கச்சி எடுத்த முடிவு இது. லண்டன் பயிற்சியின் இரண்டாம் தவணை கட்டுவதில்லை. அதில் வந்த அசைவுகளில் படகு மாதிரி ஆடுவது மட்டும் பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது. படுக்க முன்னம் ஆடட்டும், அது விளையாட்டு. கிளினிக்குக்கு ஆறு கிழமைக்கு ஒருக்கால். வீட்டில் நாளுக்குப் பதினைந்து நிமிடம், கிழமைக்கு ஐந்து நாள், பின்னேரம் விளையாடி வந்து பால் குடித்த பிறகு. முதல் ஐந்து நிமிடம் தாம்பாளத்தில் அரிசி பரப்பி விரலால் பெரிதாக எழுதுவது, ஏடு தொடக்கின நாளைப் போல. ஒரு நாளைக்கு ஒரு சோடி: ண, ன. மறுநாள் ல, ள, ழ. சுழியை வாயால் எண்ணிக்கொண்டு எழுதுவான். அதன்பிறகு அகலக் கோட்டுக் கொப்பியில் அதே எழுத்து வருகிற நாலு சொல், அவனே சொல்கிற கதையில் இருந்து. இடது கை கொப்பியில். பிழைக்குச் சிவப்புப் பேனை இல்லை. நல்லாய் வந்த ஒரு எழுத்தை அவனே தெரிந்து வட்டம் போடுவான். வகுப்பு ரீச்சரிடம் தங்கச்சி கதைத்தாள். பலகையில் ஐந்து வரி என்றால் இவனுக்கு மூன்று வரி, முன் வாங்கில் இடம். ரீச்சர் உடனே ஒத்துக்கொண்டா.

இதை மாற்ற வேண்டி வரக்கூடிய நிலைமைகளையும் எழுதி வைத்திருக்கிறோம். செய்யத் தெரிந்ததை மறக்கத் தொடங்கினால், ஒரு கை மெலிந்தால், நடை மாறினால், கண் செருகி வெறித்து நின்றால், திகதி பார்க்காமல் அன்றைக்கே வைத்தியசாலை. இரண்டு மாதம் ஒழுங்காகப் பழகியும் எழுத்தோடு வாசிப்பும் அசையவில்லை என்றால் வாசிப்புச் சிரமத்துக்கான மதிப்பீட்டைக் குழந்தை வைத்தியரிடம் கேட்பது, பாடசாலையில் விசேட கல்விக்குப் பொறுப்பான ஆசிரியரோடு கதைப்பது.

மச்சாளுக்குச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. தங்கச்சி நேற்றுப் பின்னேரம் எடுத்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். "அப்ப பிள்ளைக்கு ஒண்டும் செய்யாமல் விடப்போறீங்களோ?" என்று மச்சாள் குரல் தழுதழுக்கக் கேட்டா. தங்கச்சி ஒன்றும் விளக்கவில்லை. போனை மேசைப் பக்கம் திருப்பினாள். தச்சர் அடித்துத் தந்த கால்பலகையில் இரண்டு பாதமும் பதிந்திருந்தன. தாம்பாளத்தில் பழம் என்று எழுதி, ழவின் வாலை இழுத்துக்கொண்டிருந்தான். "எத்தினையாம் நாள்?" என்று மச்சாள் கேட்டா. அவன் நிமிராமலே சொன்னான், "பத்தொம்பது மாமி."